கடலோடி பதில்கள்: ஓதத்தில் ஓடிய கரும்பாலை

போன இதழில் ஒரு வாசகர், "சரக்குக் கப்பலில் நீங்கள் போன ஊர்களிலேயே மனசை விட்டுப் போகாதது எது?" என்று கேட்டிருந்தார். "சுரினாம். எண்பதுகளில் அலுமினா ஏற்றப் போனோம். டச்சுக்காரர்களின் பழைய தோட்டக் காலனி" என்று மூன்று வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களை ஆசிரியர் கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். சரி, இந்த முறை வேறு ஊர்ப் பேச்சே கிடையாது.

சுரினாம் ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

தென் அமெரிக்கா, தம்பி. பிரேசிலின் தலைக்கு மேலே அட்லாண்டிக் கரையைப் பாருங்கள். மேற்கே கயானா, கிழக்கே பிரெஞ்சு கயானா, நடுவில் இருப்பது சுரினாம். பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்கள்தொகை ஆறு லட்சத்துச் சொச்சம்தான், மதுரை நகரத்தைவிடக் குறைவு. நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு காடு. கடலோரத்தை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில்தான் பெரும்பாலான மக்கள் இருக்கிறார்கள். ஆட்சிமொழி டச்சு. ஆனால் தெருவில் கேட்பது ஸ்ரனன் என்கிற கிரியோல் மொழி, போஜ்புரி வாடை அடிக்கும் சர்னாமி, கொஞ்சம் ஜாவா மொழி.

கப்பலில் போனால் நிலம் கண்ணில் படுவதற்கு முன்பே கடல் காப்பித்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். அமேசான் கொண்டுவந்து கொட்டுகிற சேறு, நீரோட்டத்தோடு கரையோரமாகவே வந்து அங்கே படிகிறது. ஆற்றில் வழிகாட்டும் பைலட் கப்பலில் ஏறியதும் உள்ளே நுழைவோம். சுரினாம் ஆறும் கொமவைனா ஆறும் சேருமிடத்தில் 1734 தொடங்கி 1747 வரை கட்டிய நியூ ஆம்ஸ்டர்டாம் கோட்டை. அதைத் தாண்டினால் தலைநகர் பாராமாரிபோ. ஊருக்கு எதிரே நட்டாற்றில் ஒரு கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கும். 'கோஸ்லார்' என்கிற ஜெர்மன் கப்பல். போர் தொடங்கியதும் இங்கே வந்து ஒதுங்கியது. 1940 மே 10-ஆம் தேதி ஹிட்லர் நெதர்லாந்துக்குள் புகுந்த செய்தி வந்ததும், டச்சுக்காரர்கள் கைக்குப் போகக்கூடாது என்று மாலுமிகளே மூழ்கடித்துவிட்டார்கள். அதை எடுக்க யாராலும் முடியவில்லை. இப்போது அதன்மேல் செடி முளைத்துக் கிடக்கிறது.

நியூயார்க்கைக் கொடுத்துவிட்டு டச்சுக்காரர்கள் சுரினாமை வாங்கினார்களாமே? இப்படியும் ஒரு ஏமாளித்தனமா?
– நிலத்தரகர் ஒருவர், கோயம்புத்தூர்

உங்கள் தொழில் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் நடந்தது பத்திரம் மாற்றிக்கொண்ட வியாபாரம் இல்லை. போரில் யார் எதைப் பிடித்தார்களோ அது அவரவருக்கு என்று முடித்துக்கொண்டதுதான்.

சுரினாமில் முதலில் தோட்டம் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். பார்படோஸிலிருந்த வில்லபி பிரபு 1650 வாக்கில் ஆட்களை அனுப்பினார். 1664-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து நியூ ஆம்ஸ்டர்டாமைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் வைத்தார்கள். 1667 பிப்ரவரியில் ஜீலாந்து மாகாணத்து ஆப்ரஹாம் கிரெய்ன்சன் சுரினாம் கோட்டையைப் பிடித்து அதற்கு ஜீலாந்தியா என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு ஜூலை 31-இல் பிரெடா உடன்படிக்கை. கையில் இருப்பது கையோடு இருக்கட்டும் என்றார்கள். 1673-இல் டச்சுக்காரர்கள் நியூயார்க்கை மறுபடி பிடித்து, அடுத்த ஆண்டே வெஸ்ட்மின்ஸ்டர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏமாளித்தனமா என்றால், அன்றைய விலைவாசிக்கு இல்லை. 1667-இல் நியூயார்க் என்பது பீவர் என்கிற நீர்வாழ் விலங்கின் தோல் விற்கிற ஒரு சிறு துறைமுகம். சர்க்கரைதான் ஐரோப்பாவில் காசு.

நீங்கள் இன்ஜினியர். இரண்டு ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறும் சேற்று நிலத்தில் எப்படிக் கரும்பு விளைந்தது?
– ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர், தஞ்சாவூர்

இரண்டு ஆள் உயரம் கொஞ்சம் அதிகம். ஆறடி, பௌர்ணமி அமாவாசையை ஒட்டி அதைவிடக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆறடிதான் சுரினாமின் வரலாறே. இதுவரை வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

அந்தக் கரையோர நிலம் ஓதம் ஏறினால் தண்ணீருக்குக் கீழே போய்விடும். கனத்த நீலக்களி. தோட்டம் போட வேண்டுமென்றால் முதலில் மரத்தை வெட்டி, சுற்றிலும் கரை போட வேண்டும். கரைக்கு உள்ளே பாத்தி பாத்தியாக வாய்க்கால். ஆற்றுப்பக்கம் மதகு. மழைத்தண்ணீர் சேர்ந்தால் ஓதம் வடியும் நேரம் பார்த்து மதகைத் திறந்து வெளியேற்ற வேண்டும், ஏறும்போது மூடிவிட வேண்டும். நெதர்லாந்தில் கடலுக்கு எதிராக அவர்கள் பழகிய வித்தையேதான். அங்கே காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள், இங்கே ஓதமே இறைத்துக் கொடுத்தது.

கரும்பாலைக்கும் அதுவே இயந்திரம். ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து தோட்டத்துக் கால்வாய்களில் தண்ணீரை நிரப்பி மூடிவிடுவார்கள். ஆறு வடிந்து மட்டம் இறங்கியதும் அந்தத் தண்ணீரைச் சக்கரத்தின் அடியில் விடுவார்கள். சக்கரம் சுற்ற, உருளைகள் கரும்பைப் பிழியும். வடிகாலுக்குத் தனி வாய்க்கால், கரும்பு ஏற்றிய படகு வர தனி வாய்க்கால். காகிதத்தில் வரைந்து பார்த்தால் நேர்த்தியான டிசைன். நானும் கப்பலின் மெஸ் மேசையில் வரைந்து ரசித்துப் பார்த்தவன்தான்.

அப்புறம் ஷிப்ட் கணக்கு மனசில் ஓடும். ஓதத்துக்கு மணி கிடையாது. இன்று ஏறிய நேரத்திலிருந்து நாளை ஏறும் நேரம் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆலையும் அதோடு தள்ளிப்போகும். நல்ல வேகம் கிடைப்பது அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும். அந்த நாட்களில் வெட்டிய கரும்பு முழுவதையும் பிழிந்தாக வேண்டும், தாமதித்தால் சாறு புளித்துவிடும். ஆகவே பகலில் வெட்டியவர்களே நள்ளிரவிலும் உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். தூக்கக் கலக்கத்தில் கை உருளையில் சிக்கினால், உடம்பு முழுவதும் உள்ளே போவதற்குள் கையை வெட்டி எடுக்கக் கரும்பாலைகளில் பக்கத்திலேயே கோடரி வைத்திருப்பார்கள். அடுத்த அறையில் கொப்பரைகளில் கொதிக்கும் சாறு. நாற்பது வருஷம் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எமர்ஜென்சி ஸ்டாப் இருக்க வேண்டிய இடத்தில் கோடரி இருந்த ஆலை அது.

இந்தக் கரை, வாய்க்கால், மதகுப் பள்ளம் அத்தனையும் மண்வெட்டியால் வெட்டியது. வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கி வந்த அடிமைகள். இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டினார்கள். மொத்தத்தில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் உயிரோடு அங்கே இறக்கப்பட்டார்கள். 1863-இல் விடுதலைக்காகக் கணக்கெடுத்தபோது இருந்தவர்கள் 33,000 சொச்சம். பிறப்பைவிட இறப்பு எப்போதும் அதிகம். ஆள் குறையக் குறையக் கப்பலில் புது ஆட்கள் வந்தார்கள். பஞ்சமோ கொள்ளைநோயோ காரணமென்று சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது.

இத்தனைக்கும் முதல் போட்டது யார்? டச்சு அரசாங்கமா?
– வங்கி மேலாளர் (ஓய்வு), காரைக்குடி

கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேள்வி வந்திருக்கிறது! 1683-இல் 'சுரினாம் சங்கம்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். மூன்று சம பங்கு. ஒன்று மேற்கிந்தியக் கம்பெனிக்கு, ஒன்று வான் சொமல்ஸ்டைக் என்ற பிரபு குடும்பத்துக்கு, மூன்றாவது ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்கு. ஆமாம், சாக்கடை, கால்வாய், வரி பார்க்கும் நகராட்சி ஒரு காலனியில் மூன்றில் ஒரு பங்குதாரர். பிரபு தானே கவர்னராகப் போனார். 1688-இல் சாப்பாட்டுக்கும் வேலைச்சுமைக்கும் கொதித்த அவருடைய சிப்பாய்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

கடன் கதைதான் உங்களுக்குப் பிடிக்கும். 1753-இல் ஆம்ஸ்டர்டாமின் டாய்ட்ஸ் என்ற பெருந்தனக்காரர் தோட்டங்களை அடமானம் வாங்கிக் கடன் கொடுக்க ஒரு நிதி தொடங்கினார். தோட்டத்தின் மதிப்பில் எட்டில் ஐந்து பங்கு வரை கடன். மதிப்பில் நிலம், ஆலை, மாடு, அடிமை எல்லாம் சேர்த்தி. அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். மதிப்பீட்டாளர்கள் தோட்டத் துரைகளுக்கு வேண்டியவர்கள், மதிப்பு ஊதிக்கொண்டே போனது. 1773-இல் ஆம்ஸ்டர்டாம் சந்தை விழுந்தது. துரைகள் வட்டி கட்ட முடியாமல் நிற்க, தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆம்ஸ்டர்டாம் கடன்காரர்கள் கைக்குப் போயின. அதற்குப் பிறகு முதலாளி அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. மேனேஜர் கணக்கு அனுப்புவார். கணக்கு சரியாக வர, ஆட்களைக் கூடுதலாகப் பிழிவார்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை பார்த்தேன். அந்த டச்சுக்காரர்களும் இவர்களும் ஒன்றா?
– கல்லூரி விரிவுரையாளர், பொன்னேரி

நாடு ஒன்று, கம்பெனி வேறு. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் எல்லாம் 1602-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி. அட்லாண்டிக் பக்கம் 1621-இல் தொடங்கிய மேற்கிந்தியக் கம்பெனி. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். சோழமண்டலக் கரையில் நெய்து நீலச்சாயம் தோய்த்த துணிக்கு ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் 'கினித் துணி' என்றே பெயர். கினிக் கடற்கரையில், அதாவது மேற்கு ஆப்பிரிக்காவில், அடிமை வாங்கப் போகிற கப்பலில் அது ஏறும். இலங்கை வழியாகப் போன மாலத்தீவுச் சோழியும் அங்கே காசாகச் செல்லும். நம் நெசவாளிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. துணி வாங்கியவன் யாரிடம் விற்கிறான் என்று இன்றைக்கும் நெசவாளியிடம் யார் சொல்கிறார்கள்?

எங்கள் வீட்டு மயில்கொன்றைக்கும் சுரினாம் அடிமைகளுக்கும் ஏதோ தொடர்பு என்று மகள் சொல்கிறாள். உண்மையா?
– இல்லத்தரசி, மயிலாடுதுறை

உண்மைதான், அம்மா. 1699-இல் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் பூச்சிகளை வரைவதற்காக ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுரினாம் போனார். வயது 52. துணைக்குத் தன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். இரண்டு ஆண்டில் காய்ச்சலோடு திரும்பி, 1705-இல் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் சிவப்பும் மஞ்சளுமாக நம் வேலியோரத்து மயில்கொன்றை இருக்கிறது. அடிமைப் பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள், பிறக்கும் பிள்ளையும் அடிமையாகக் கூடாது என்பதற்காக, இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். துரைமார் அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம், இந்த ஊரில் வந்து சர்க்கரையைத் தவிர எதையோ தேடுகிறாளே என்று. அந்தப் பெண்கள் மெரியனிடம் சொன்னதைத் துரையிடம் சொல்லியிருப்பார்களா? விதை விஷம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் காய் பிடிக்கும்போது பறித்துவிடுங்கள்.

இவ்வளவு காடு இருக்கிறதே, யாரும் ஓடிப்போகவில்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

ஓடினார்கள். ஆயிரக்கணக்கில். பிடிபட்டால் குதிகால் நரம்பை அறுப்பார்கள், மறுபடி ஓடினால் காலையே எடுப்பார்கள். அப்படியும் ஓடினார்கள். நீர்வீழ்ச்சிகளுக்கு மேலே, டச்சுப் படகு ஏற முடியாத இடங்களில் ஊர் அமைத்தார்கள். மரூன்கள் என்று பெயர். இரவில் இறங்கி வந்து தோட்டத்தைக் கொளுத்தி, துப்பாக்கியையும் சொந்தக்காரர்களையும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அடக்க முடியாமல் கடைசியில் டச்சுக்காரர்களே சமாதானம் பேசினார்கள். 1760 அக்டோபர் 10-இல் இன்ஜூகா என்ற மரூன் மக்களோடு உடன்படிக்கை. இரண்டு தரப்பும் கையில் கீறி இரத்தம் கலந்து குடித்துச் சத்தியம் செய்தார்கள். 1762-இல் சராமக்காவோடு, 1767-இல் மத்தவாயோடு. அமெரிக்கா சுதந்திரம் அறிவித்தது 1776-இல்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உடன்படிக்கையில் ஒரு முள் இருந்தது: இனி புதிதாக ஓடி வருகிறவர்களை நீங்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பின்னால் ஓடியவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. அவர்களின் தலைவன் போனி சதுப்பு நடுவில் 'பூக்கு' என்ற கோட்டையைக் கட்டினான். உள்ளே போகும் பாதை தண்ணீருக்கு அடியில், தெரிந்தவன் மட்டும்தான் கால் வைக்க முடியும். அதைப் பிடிக்க டச்சுக்காரர்கள் 1772-இல் அடிமைகளிலிருந்தே ஆள் எடுத்து, விடுதலை கொடுத்து, சிவப்புத் தொப்பி மாட்டி ஒரு படை அமைத்தார்கள். கோட்டை விழுந்தது. போனி விழவில்லை, 1793 வரை சண்டை போட்டான்.

ஓடும்போது பெண்கள் தலைமுடிப் பின்னலுக்குள் நெல்லை ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று மரூன் பாட்டிகள் சொல்வார்கள். சராமக்காவில் பான்சா என்ற மூதாய் அப்படிக் கொண்டுவந்தாள் என்று ஒரு நெல் வகைக்கே அவள் பெயர். கட்டுக்கதை என்று தள்ளியவர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தாவரவியலார்கள் மரூன்கள் சாமிக்குப் படைக்கும் கறுப்பரிசி ஒன்றின் மரபணுவை மேற்கு ஆப்பிரிக்க நெல்களோடு ஒப்பிட்டார்கள். ஐவரி கோஸ்ட் வயல் நெல்லோடு நெருக்கமாகப் பொருந்தியது. எனக்கு அதற்கு முன்பும் சந்தேகம் இருந்ததில்லை. விதைநெல்லை எந்தப் பெண் விட்டுவிட்டுப் போவாள்?

1964-இல் அணை கட்டியபோது சராமக்கா ஊர்கள் பல மூழ்கி, ஆறாயிரம் பேர் வரை இடம்பெயர்ந்தார்கள். அணை எதற்கு? பாராணம் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க. நான் வேலை பார்த்த கப்பல் அந்த வளாகத்து ஜெட்டியில்தான் கட்டிக் கிடந்தது.

அடிமைமுறை எப்போது ஒழிந்தது? நஷ்டஈடு கொடுத்தார்களா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

கொடுத்தார்கள், துரைகளுக்கு. 1863 ஜூலை 1-இல் விடுதலை. ஒரு அடிமைக்கு 300 கில்டர் (டச்சு நாணயம்) வீதம் உரிமையாளருக்கு. பெருக்கினால் ஒரு கோடி கில்டரை நெருங்கும். விடுதலையானவர்களுக்குக் காசாக ஒன்றும் கிடையாது. அதோடு விட்டதா? 15 முதல் 60 வயதுள்ளவர்கள் இன்னும் பத்து ஆண்டு 'அரசு மேற்பார்வையில்' ஏதாவது தோட்டத்தில் ஒப்பந்தம் போட்டு உழைத்தாக வேண்டும். உண்மையான விடுதலை 1873-இல்தான்.

உங்கள் தொழிலுக்குச் சுவையான ஒரு விஷயம். நஷ்டஈட்டுப் பணம் வந்தது ஜாவாவிலிருந்து. அங்கே குடியானவர்களைக் கட்டாயப்படுத்திக் காப்பியும் கரும்பும் பயிரிட வைத்து எடுத்த லாபம் நெதர்லாந்து கஜானாவில் குவிந்து கிடந்தது. 1890 முதல் அதே ஜாவாக்காரர்களையே ஒப்பந்தக் கூலியாக சுரினாமுக்கு ஏற்றினார்கள், 1939 வரை கிட்டத்தட்ட 33,000 பேர்.

சுரினாமில் அடிமைகள் செருப்போ ஷூவோ போடக்கூடாது என்று சட்டம் இருந்தது. விடுதலையானதும் பலர் முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டது காலணி.

நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்களா? தமிழ் பேசுவார்களா?
– பேருந்து நடத்துனர், நாகப்பட்டினம். இதே கேள்வி மேலும் பலர்

இந்திய வம்சாவளி நிறைய. தமிழ் இல்லை. காரணம் துறைமுகம். மதராஸிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம்மவர்கள் பிரிட்டிஷ் கயானா, குவாதலூப், மார்த்தினிக், நேட்டால் என்று போனார்கள். பக்கத்து கயானாவில் இன்றும் மாரியம்மனுக்குத் தப்பு அடித்து விழா எடுக்கிறார்கள். சுரினாமுக்கு ஆள் எடுத்தது கல்கத்தா டிப்போவில் மட்டும். ஆகவே வந்தவர்கள் பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்துக்காரர்கள்.

1873-இல் மேற்பார்வைக் காலம் முடிகிறது, ஆள் வேண்டும். பிரிட்டனோடு முன்பே உடன்படிக்கை போட்டு வைத்திருந்தார்கள். 'லாலா ரூக்' கப்பல் பிப்ரவரி 26-இல் கல்கத்தாவை விட்டு ஜூன் 5-இல் 399 பேரை இறக்கியது. 1916 வரை 64 கப்பல், 34,304 பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு நாளொன்றுக்கு 60 சென்ட், பெண்ணுக்கு 40. வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பதோடு போகாது, அது குற்றம், சிறை. நம் தேயிலைத் தோட்டத்துத் துண்டுமுறை கேள்விப்பட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1884-இல் சோர்க் என் ஹோப் தோட்டத்தில் கூலிகள் எதிர்த்து நின்றபோது ஜானே தேதரி என்ற பெண் சிப்பாய்களால் கொல்லப்பட்டார். பாராமாரிபோவில் குடியேற்ற அதிகாரி ஒருவருக்கு நெடுங்காலம் சிலை இருந்தது. இப்போது அங்கே தேதரியின் சிலை. மாரியன்பர்க் ஆலையில் 1902-இல் நடந்ததுதான் பெரியது. மேவர் என்ற ஸ்காட்லாந்து மேனேஜர் கூலியைக் குறைத்தார், பெண்களிடம் அத்துமீறினார் என்று புகார். ஜூலை 29-இல் கூலிகள் அவரை வெட்டிக் கொன்றார்கள். மறுநாள் சிப்பாய்கள் சுட்டதில் இறந்தவர்கள் 24 பேர். ஒரே குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். குழி எங்கே என்று தலைமுறைகளாக ஊராருக்குத் தெரியாது. நினைவுச்சின்னம் வந்தது 2006-இல்.

எங்கள் கப்பல் ஏஜெண்டின் ஆபீசில் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். பாட்டனார் மாரியன்பர்க்கில் கரும்பு வெட்டியவர். என் பெயரைப் பட்டியலில் பார்த்துவிட்டு இயந்திர அறை வாசலில் வந்து நின்று, "எந்த ஜில்லா?" என்றார். மதராஸ் என்றேன். "அங்கேயும் டிப்போ இருந்ததே!" என்று உற்சாகமாகிவிட்டார். அவருடைய சர்னாமியும் என் கப்பல் இந்தியும் பாதிதான் ஒட்டின. ஆனாலும் பாட்டனாருக்கு ஊர் திரும்ப இலவச டிக்கெட் இருந்தது, அதை விட்டுக்கொடுத்தால் நூறு கில்டரும் நிலமும் தருவோம் என்றார்கள், நிலத்தை வாங்கிக்கொண்டார் என்பது புரிந்தது. மூன்றில் ஒருவர்தான் திரும்பினார்கள். அந்த நிலமும் பழைய தோட்டம் ஒன்றைத் துண்டு போட்டதுதானாம். "வாய்க்கால் எல்லாம் பழசு, நாங்கள் தூர் மட்டும் வாருகிறோம்" என்றார்.

சாப்பாடு எப்படி?
– இதைக் கேட்டவர் பெயரை வெளியிட வேண்டாமாம், காங்கேயம்

அந்தக் குமாஸ்தா வீட்டில் சாப்பிட்டேன். பருப்பு மாவு உள்ளே வைத்த பெரிய ரொட்டி, மசாலாக் கோழி, உருளைக்கிழங்கு, கூடவே காராமணிக்காய் பொரியல். கோழியில் மல்லித்தூளைவிட மஞ்சளும் சீரகமும் தூக்கல். கையால்தான் சாப்பிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் ஜாவாக்காரர் நூடுல்ஸ். மிளகாய் விஷயத்தில் எச்சரிக்கை. 'மேடம் ஜானெட்' என்று மஞ்சளாகக் குட்டியாக ஒன்று இருக்கும், நம் காந்தாரி அதற்கு முன் சர்க்கரை.

கிரிக்கெட் ஆடுவார்களா?
– மாணவர், திருச்சி

கயானா ஆடும், இவர்கள் கால்பந்து. செடார்ஃப், எட்கர் டேவிட்ஸ் இருவரும் பாராமாரிபோவில் பிறந்தவர்கள், ஆடியது நெதர்லாந்துக்கு. நீச்சலில் அந்தோனி நெஸ்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார்.

சுதந்திரம் வந்த பிறகு உருப்பட்டதா?
– மளிகைக் கடைக்காரர், தேனி

அண்ணாச்சி, ஒரு வார்த்தையில் பதில் இல்லை. 1975 நவம்பர் 25-இல் சுதந்திரம். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து மூன்றில் ஒருவர் நெதர்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். 1980-இல் சார்ஜெண்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள், தலைவர் பவுட்டர்ஸ. 1982 டிசம்பர் 8-இல் எதிர்த்துப் பேசிய 15 பேரை ஜீலாந்தியா கோட்டையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். தோட்டத் துரைகள் கட்டணம் கட்டி அடிமைகளுக்குச் சவுக்கடி வாங்கிக் கொடுத்த அதே கோட்டை. அப்புறம் மரூன்களுக்கும் ராணுவத்துக்கும் உள்நாட்டுப் போர். பவுட்டர்ஸ பின்னாளில் தேர்தலிலும் ஜெயித்து 2010 முதல் பத்தாண்டு ஜனாதிபதியாக இருந்தார். பதவியில் இருக்கும்போதே 2019-இல் கொலை வழக்கில் தண்டனை. 2024-இல் தலைமறைவாக இருந்தபடியே இறந்தார். அலுமினியக் கம்பெனியும் போய்விட்டது. இப்போது கடலில் எண்ணெய் கிடைத்திருக்கிறது. ஊரில் பெரிய நம்பிக்கை. சர்க்கரை, காப்பி, பாக்சைட் மூன்று முறையும் லாபம் வேறு ஊருக்குப் போனதைப் பார்த்தவர்கள், இந்தத் தடவை ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிப்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

நான் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் சுரினாம் நண்பர், "மன்னிப்பு கேட்டார்கள், எனக்கு என் பாட்டி பெயர்கூடத் தெரியாது" என்கிறார். என்ன சொல்வது?
– மென்பொருள் பொறியாளர், ஐந்தோவன்

2022 டிசம்பர் 19-இல் பிரதமர் ரூட்டெ மன்னிப்பு கேட்டார். 2023 ஜூலை 1-இல் அரசர் கேட்டார். அதற்கு முன்பே ஆம்ஸ்டர்டாம் மேயர் கேட்டிருந்தார், பழைய பங்குதாரர் அல்லவா. அது போதுமா என்று சொல்ல நான் யார்? அந்த நண்பர்தான் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தில் உதவலாம். 1830 முதல் 1863 வரை சுரினாமில் வைத்திருந்த அடிமைப் பதிவேடுகள் முழுவதும் இப்போது இணையத்தில் இருக்கின்றன. விடுதலைப் பதிவேடும் உண்டு. பெயர், பிறந்த ஆண்டு, தாயின் பெயர், எந்தத் தோட்டம் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். தகப்பன் பெயருக்குப் பத்தி கிடையாது. குடும்பப் பெயர் 1863-இல்தான் கொடுத்தார்கள். சில இடங்களில் எசமான் பெயரையே திருப்பிப் போட்டு வைத்தார்கள். சுரினாமின் பெரிய போராளி அன்டன் டி கோமின் பெயர்கூட மோக் என்ற எசமான் பெயரைத் திருப்பியது என்பார்கள். நாஜிகளை எதிர்த்து 1945-இல் வதைமுகாமில் இறந்தவர் அவர். ஆகவே நண்பரின் குடும்பப் பெயரை வைத்து விடுதலைப் பதிவேட்டில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் அங்கே கிடைக்கும். அதைக் கொண்டு அடிமைப் பதிவேட்டுக்குப் போனால் தாய், தாயின் தாய் என்று பின்னோக்கிப் போகலாம். அவர் இந்திய வம்சாவளி என்றால் ஒப்பந்தக் கூலிப் பதிவேடு தனியாக இருக்கிறது, அதில் கப்பல் பெயரும் பிறந்த கிராமமும்கூட வரும். டச்சு தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கட்டணம் இல்லாமல் தேடலாம். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும், நாலைந்து விதமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.